முட்டை, கறிக்கோழி, மக்காச்சோளம்: ஒரு தீவன ஆலோசகரிடம் கேள்விகள்

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளுக்குத் தீவனக் கலவை வகுத்துக் கொடுப்பது என் தொழில். முட்டை, கறிக்கோழி, தீவனம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆடு மாடு பற்றி ஓரளவுக்குத்தான் சொல்வேன்.

கரூர், ஒரு தாய்: ஐயா, என் மகளுக்குப் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை தருகிறார்கள். வீட்டிலும் கொடுத்தால் அதிகமாகிவிடுமா?

ஆகாதம்மா. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளையின் ஒரு நாள் தேவையில் அது ஒரு பகுதிதான். ஆனால் அந்த 6 கிராமும் முழுமையான புரதம். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் உண்டு. கூடவே வைட்டமின் பி12, வைட்டமின் ஏ, கோலின் என்ற சத்து. சோறும் சாம்பாரும் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்குக் குறைவாகக் கிடைக்கும் சத்துகள் இவை.

நம் சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்றுதான் தொடங்கினார்கள். 2010-இல் அது வாரம் ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். பக்கத்தில் நாமக்கல் இருந்ததால்தான் இதை இவ்வளவு பெரிய அளவில் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம். பண்ணைத் தொழில் மக்களுக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தத் தட்டைத்தான். இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 100 முட்டைக்குச் சற்று மேல் உற்பத்தியாகிறது. பரிந்துரைக்கப்படுவது 180. தயங்காமல் கொடுங்கள்.

மதுரை: நாட்டுக்கோழி முட்டையில்தானே சத்து? மஞ்சள் கரு நிறத்திலேயே தெரிகிறதே?

நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. கீரை, மஞ்சள் மக்காச்சோளம் தின்றால் கரு சிவக்கும். புரதத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. சுவை பிடித்தால் வாங்குங்கள். ஆனால் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும், பண்ணைக்கோழி 300-ஐத் தாண்டும். சத்துணவுக் கூடத்தை நாட்டுக்கோழியை நம்பி நடத்த முடியாது.

சேலம்: பிராய்லர் 40 நாளில் 2 கிலோ வருவது ஹார்மோன் ஊசியால்தானே?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றில் செரித்துப் போய்விடும். ஊசியாகவே போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. பல ஆயிரம் கோழி உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்துப் போடும் கூலிக்கே அந்தக் கோழியின் விலை போதாது.

பிறகு எப்படி வளர்கிறது? இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய காலத்து இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் 1957 இனம் 900 கிராம், 1978 இனம் 1.8 கிலோ, 2005 இனம் 4.2 கிலோ. தீவனம் ஒன்றுதான், இனம் மட்டும் வேறு. வேகமாக வளர்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் பலன் இது. அதற்கு விலையும் உண்டு. கால் வலுவிழக்கும், இதயம் திணறும். கோழியின் நலனுக்காக வாதாடுகிறவர்கள் இதைக் கேட்டால் அது நியாயமான கேள்வி.

நீங்கள் பயப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக்குக்கு. மருந்து கொடுத்த கோழியை, அதை நிறுத்தியபின் லேபிளில் போட்டிருக்கும் நாள்கள் கழியாமல் விற்கக் கூடாது. முட்டைக்கும் அதே விதி. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019-இல் அரசு தடை செய்தது. பண்ணைக்காரர்களே, மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்று தண்ணீரில் மருந்தைக் கலக்காதீர்கள்.

சென்னை, பொருளியல் மாணவர்: சார், கோழிக்குப் போடும் மக்காச்சோளத்தையும் சோயாவையும் மனிதர்களே சாப்பிட்டால் இன்னும் அதிகம் பேருக்கு உணவு கிடைக்குமே? பண்ணைத் தொழில் உணவைப் பெருக்குகிறதா, குறைக்கிறதா?

நல்ல கேள்வி தம்பி. கணக்கை முழுதாகவே போடுவோம். முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். எல்லாக் கோழியும் எல்லா நாளும் இடாது என்பதால் முட்டைக்கு 120 கிராம் என்று வையுங்கள். அதில் 20 கிராம் புரதம், கோழி எடுத்துக்கொள்ளும் ஆற்றல் 300 கலோரிக்கு மேல். நமக்குத் திரும்பக் கிடைப்பது 6 கிராம் புரதம், 70 கலோரி. எண்ணிக்கையில் இழப்புதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீவனத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக் கல், தவிடு, எண்ணெய் எடுத்த புண்ணாக்கு. அவற்றை யாரும் தட்டில் வைத்துச் சாப்பிட மாட்டார்கள்.

அதே மாணவர்: எண்ணெய் எடுத்த சோயாவிலிருந்துதானே மீல் மேக்கர் வருகிறது? அதைச் சாப்பிடுகிறோமே!

சரிதான், அந்த இடத்தில் உங்கள் வாதம் நிற்கிறது. சோயா விஷயத்தில் கோழி நமக்குப் போட்டிதான். ஆனால் மீல் மேக்கரில் பி12 இல்லை. இரண்டு வயதுக் குழந்தையின் சிறிய வயிற்றுக்குக் கொஞ்ச அளவில் நிறையச் சத்து வேண்டும். அங்கே முட்டை செய்யும் வேலையை மீல் மேக்கர் செய்யாது.

பெரம்பலூர், விவசாயி: தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறோம். கோழிப்பண்ணைக்காரன் வாங்காவிட்டால் பருத்திக்குத் திரும்புவோமே தவிர ஊருக்குச் சோறு போடும் பயிருக்குப் போக மாட்டோம். இப்போது எத்தனால் ஆலையும் வாங்குகிறது, எங்களுக்கு விலை கிடைக்கிறது. அதையும் குறை சொல்வீர்களா?

உங்களுக்கு விலை கிடைப்பதைக் குறை சொல்ல மாட்டேன் அண்ணா. ஆனால் முட்டையின் அடக்க விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீவனம். மக்காச்சோளம் ஏறினால் முட்டையும் ஏறும், ஏழை வீட்டில் முதலில் நின்றுபோவது முட்டைதான். தானியம் கோழிக்குப் போனால் கொஞ்சமாவது உணவாகத் திரும்பி வருகிறது. வண்டியின் டேங்குக்குப் போனால் எஞ்சும் சக்கைதான் தீவனத்துக்கு வருகிறது. தம்பி கோபப்பட வேண்டியது இதற்கு.

இராமநாதபுரம், ஆடு வளர்ப்பவர்: கோழியை வைத்து எல்லாக் கால்நடையையும் எடை போடாதீர்கள். என் ஆடு கருவேலங்காயும் அறுத்த வயலில் கிடப்பதையும் மேய்கிறது. யார் சோற்றையும் பிடுங்கவில்லை. கிடை போட்டால் வயலுக்கு உரமும் ஆச்சு.

முற்றிலும் உண்மை. உலகக் கால்நடைகள் தின்பதில், உலர் எடைக் கணக்கில், சுமார் 86 சதவீதம் மனிதர் சாப்பிட முடியாத பொருள் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டார்கள். புல், வைக்கோல், தட்டை, புண்ணாக்கு. நம் ஊர்ப் பாலும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

சென்னை மாணவர்: அப்படியென்றால் அந்த 86 சதவீதத்தைக் காட்டிக் கோழிப்பண்ணையைக் காப்பாற்ற முடியாது, இல்லையா?

முடியாது. கோழி தானியம் தின்னும் உயிர். அதனால்தான் நான் முட்டையையும் கறியையும் பிரித்துப் பேசுகிறேன். சத்து குறைந்த பிள்ளைக்கு முட்டை கொடுக்க மக்காச்சோளம் செலவாகட்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் வாரம் நான்கு நாள் பக்கெட் சிக்கன் வாங்குவதற்காகப் பண்ணை பெருகுவதை உணவுப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியாது. என் தொழில் நண்பர்களுக்கு இது பிடிக்காது. ஆனாலும் என் கருத்து இதுதான்.

திருப்பூர்: பிராய்லரில் ஹார்மோன் இருக்கிறதாமே?

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

விழுப்புரம்: பிளாஸ்டிக் முட்டை வருகிறதாம், எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்படி ஒன்று இல்லை. நாள்பட்ட முட்டையின் உள்தோல் காய்ந்து பிளாஸ்டிக் போல உரியும், அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

தஞ்சாவூர்: என் பசுவுக்கு மடிவீக்கம். என்ன கொடுக்கலாம்?

கால்நடை மருத்துவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். நீங்களாக ஊசி போடாதீர்கள். மருந்து கொடுத்த நாள்களின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

கோவை, உடற்பயிற்சி செய்பவர்: பச்சை முட்டை ஐந்து குடிக்கிறேன். புரதம் முழுதாகக் கிடைக்கும் அல்லவா?

கிடைக்காது. பச்சை முட்டையில் பாதிப் புரதம்தான் உடம்பில் சேர்கிறது, வேகவைத்தால் 90 சதவீதம். சால்மோனெல்லா ஆபத்து வேறு. வேகவையுங்கள்.

ஈரோடு: பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவது பிராய்லர் ஹார்மோனால்தானே சார்?

இல்லாத ஹார்மோன் எதையும் செய்யாது. இந்தக் கேள்வி இன்று மூன்றாவது முறை வருகிறது, இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். குழந்தையின் உடல் எடை கூடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கவலையாக இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பல்லடம்: கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து அவர்களுடையது. கொட்டகை, கரண்ட், நார்த்தூள், ஆள் கூலி என்னுடையது. கம்பெனி தரும் வளர்ப்புக் கூலி கட்டுபடியாகவில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். விலை விழும் ஆபத்தைக் கம்பெனி ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் கரண்டும் கூலியும் ஏறும் ஆபத்து முழுக்க உங்கள் தலையில். தனியாளாகக் கேட்டால் அடுத்த பேட்ச் குஞ்சு தாமதமாகலாம். சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்குங்கள்.

தர்மபுரி: வீட்டில் 20 நாட்டுக்கோழி வைக்கப்போகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்? அக்கம்பக்கத்தில் எல்லாம் செத்துப்போகிறது.

வெள்ளைக்கழிச்சல்தான் பெரும்பாலும் காரணம். வந்துவிட்டால் மருந்து இல்லை, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கை ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், பிப்ரவரியில் இருவார முகாமும் நடக்கும். பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். உங்கள் 20-க்கு மட்டும் போட்டால் நோய் தெருவிலேயே இருக்கும்.