பகிடிக்காரரின் வாழ்க்கைக் கதையை எப்படி வாசிப்பது? – கேள்வி பதில்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் நகைச்சுவைக் கலைஞர்கள் எழுதிய சுயசரிதைகள். இருபது வருசமாக இந்த வகைப் புத்தகங்களைத்தான் தேடித் தேடி வாசிக்கிறேன் என்பதால் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கொக்குவிலிலிருந்து: அண்ணை, முதன்முதலா வாசிக்கிற ஆளுக்கு எது நல்லம்?

சாப்ளின் 1964இல் வெளியிட்ட சுயசரிதை. ஐந்நூறு பக்கத்துக்கு மேல், பயப்பட வேண்டாம், முதல் நூற்றைம்பது பக்கம் வாசித்தால் காணும். பின்பாதியில் யார் யாரோடு விருந்து சாப்பிட்டார் என்ற பட்டியல்தான் கனக்க வரும், கலியாண வீட்டு அல்பம் பார்ப்பது போல. ஆனால் அந்த முன்பாதி! தாய் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போது குரல் உடைகிறது, சபை கூச்சல் போடுகிறது, ஐந்து வயதுப் பெடியனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பாடுகிறான், காசு வந்து விழுகிறது. பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் இதைப் பொறுக்கிவிட்டுப் பிறகு பாடுகிறேன் என்கிறான். சபை சிரிக்கிறது. தாயின் மேடை முடிந்த இரவும் மகனின் மேடை தொடங்கிய இரவும் ஒன்றுதான்.

செம்மறியாட்டுக் கதையையும் தவறவிடாதீர்கள். இறைச்சிக்கு வெட்டக் கொண்டுபோன ஆடு ஒன்று தெருவில் தப்பி ஓடுகிறது, ஆட்கள் துரத்தி விழுந்தெழும்புகிறார்கள், சின்னப் பெடியன் நின்று சிரிக்கிறான். பிடித்து உள்ளே கொண்டுபோன பிறகுதான் அவனுக்கு விளங்குகிறது. அதைக் கொல்லப்போகிறார்கள் என்று தாயிடம் அழுதுகொண்டு ஓடுகிறான். அவருடைய படங்கள் எல்லாம் அந்த ஆட்டின் பின்னால்தான் ஓடுகின்றன.

திருநெல்வேலியிலிருந்து: பிடிஎஃப் இருக்கா?

இல்லை.

சுன்னாகத்திலிருந்து: பின்னட்டையில் 'வயிறு குலுங்கச் சிரிக்க' என்று போட்டிருந்தது. பாதி முடித்தும் சிரிப்பு வரவில்லை. எனக்குத்தான் ஏதும் பிழையோ?

பின்னட்டையை நம்பாதீர்கள். இதை நான் எத்தனை தரம் சொல்லியாயிற்று. மேடையில் ஒரு பகிடி நிற்பது குரலிலும் இடைவெளியிலும். தாளில் இரண்டும் இல்லை. சிரிப்பை எதிர்பார்க்காமல், இந்த ஆள் எந்த இடத்தில் பகிடி விடுவதை நிறுத்துகிறார் என்று பாருங்கள், புத்தகம் தானாகத் திறக்கும்.

குரலோடு வேண்டுமென்றால் ட்ரெவர் நோவா 2016இல் எழுதியதைக் கேளுங்கள், ஒலிநூலை அவரே வாசித்திருக்கிறார். 1984இல் தென்னாபிரிக்காவில் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் பிறந்தவர், அப்போதைய சட்டப்படி அந்த உறவே குற்றம். ஓடுகிற மினிபஸ்ஸிலிருந்து தாய் அவரை வெளியே தள்ளிவிட்டுக் கைக்குழந்தையோடு தானும் பாய்கிற இடத்தில் நான் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். கடைசியில் தலையில் சூடுபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற தாய், இனி இந்தக் குடும்பத்தில் வடிவான ஆள் நீதான் என்று மகனிடம் சொல்கிறார். பகிடி எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரியும்.

பருத்தித்துறையிலிருந்து: நட்பைப் பற்றி நல்லா எழுதினவர் ஆர்?

எழுதாமல் விட்டவரைச் சொல்கிறேன். மறுபடி சாப்ளின்தான். 1910இல் ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் குழுவோடு அமெரிக்கா போனபோது அதே குழுவில் ஸ்டான் லாரல், ஆம், நம் அப்பாமார் தூரதர்ஷனில் பார்த்துச் சிரித்த லாரல்-ஹார்டி சோடியில் அந்த ஒல்லி மனிதர், சாப்ளின் வராவிட்டால் அவருடைய பாத்திரத்தில் ஏற வேண்டியவர். இருவருக்கும் ஒரே அறை. அறையில் சமைக்கக் கூடாது என்பது விதி. லாரல் இறைச்சி பொரிக்க, அந்தச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க சாப்ளின் வயலின் வாசிப்பாராம். இது லாரல் சொன்ன கதை. சாப்ளினின் ஐந்நூறு பக்கத்தில் லாரலின் பெயரே கிடையாது. புத்தகம் வந்து சில மாதத்தில், 1965 பெப்ரவரியில், லாரல் இறந்துபோனார். சாப்ளின்தான் எல்லாரிலும் பெரியவர் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன்.

பருத்தித்துறை: எரிச்சல் அண்ணை, வேறென்ன.

மானிப்பாயிலிருந்து: அவற்றை புத்தகம், அவற்றை விருப்பம். ஒரே அறையில் கிடந்த எல்லாரையும் எழுத வேணுமோ?

பருத்தித்துறை: எல்லாரையும் வேண்டாம். நாலு வரி?

கனடாவிலிருந்து: நாங்கள் கொழும்பில் ஆறு பேர் ஒரு அறையில் இருந்தோம். நான் எழுதினால் ரெண்டு பேரை விட்டுவிடுவேன். கோபம் இல்லை, அந்த அறையை நினைக்கவே விருப்பமில்லை.

கனடாக்காரர் சொன்னது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஆனால் சாப்ளினுக்கு அது பொருந்தாது. ஏழைகள் விடுதியில் கிடந்ததையும் தாய்க்கு மனம் பேதலித்ததையும் ஒளிக்காமல் எழுதியவர், ஒரு பொரியல் சட்டிக்கா வெட்கப்படப் போகிறார்? நான் நினைப்பது வேறு. அவர் எழுதியது ஒரு பெடியன் தனியே ஏறிவந்த கதை. பக்கத்துக் கட்டிலில் அதே அளவு கெட்டிக்காரன் ஒருவன் படுத்திருந்தான் என்றால் அந்தக் கதை கொஞ்சம் ஆடும். அதற்கு எரிச்சல் என்ற சொல் தேவையில்லை. இதைத் துரோகம் என்று பருத்தித்துறைக்காரர் தனியாக ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார், மானிப்பாய்க்காரர் அதற்கு ஒன்றரைப் பக்கம். இருவரும் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தியுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு மாணவி: எனக்கும் மேடையில் தனியே நின்று பகிடி சொல்ல ஆசை, சேர். எதை வாசிக்க?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீவ் மார்ட்டின் 2007இல் எழுதியது, தங்கச்சி. சின்னப் புத்தகம். பதினெட்டு வருச மேடை: பத்து வருசம் படித்தது, நாலு வருசம் செதுக்கியது, மிச்ச நாலு வருசம்தான் பெரும் வெற்றி. அரங்கங்கள் நிரம்பி வழிந்த காலத்தில், 1981இல், இறங்கிப் போய்விட்டார். ஏன் என்பதுதான் புத்தகம். அதோடு எங்கள் நாடகக் கலைஞர் கே. எஸ். பாலச்சந்திரன் தனியே நடித்த 'அண்ணை றைற்' ஒலிப்பதிவு கிடைத்தால் கேளுங்கள். கண்டக்டர் ஒருவரின் வாயை மட்டும் வைத்து முழு பஸ்ஸையும் ஏற்றிவிடுவார்.

நெல்லியடியிலிருந்து: எங்கட ஆக்கள் எழுதினது ஒண்டும் இல்லையோ?

ஏன் இல்லை? 'சிரித்திரன்' நகைச்சுவை இதழின் ஆசிரியர் சிவஞானசுந்தரம், உங்கள் வடமராட்சிக்காரர்தான், தன் கார்ட்டூன் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். மேடைக்காரர் அல்ல, ஆனாலும் எங்கள் ஊர்ச் சிரிப்பு எதனால் செய்யப்பட்டது என்று அறிய வேறெங்கும் போகத் தேவையில்லை. பழைய சிரித்திரன் இதழ்கள் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பிடிஎஃப் கேட்டவர்களே, அங்கே போங்கள்.

உரும்பிராயிலிருந்து: 'மழையில் நடக்கப் பிடிக்கும், அழுவது தெரியாது' என்று சாப்ளின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்?

எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை. வட்சப்பில் காலை வணக்கத்தோடு வருகிற சாப்ளினை நம்பாதீர்கள். இதுவும் பின்னட்டை மாதிரித்தான்.

காரைநகரிலிருந்து: இப்போதைய நடிகர் ஒருவர் கட்சி தொடங்கினது சரியா?

வேறு ஆளிடம் கேளுங்கள்.

இணுவிலிலிருந்து: பிடிஎஃப்...

மேலே வாசியுங்கள்.

மறுபடி கொக்குவில்: அண்ணை, உங்கட சாப்ளினை ரெண்டு கிழமைக்கு இரவல் தருவியளோ?

தரமாட்டேன். இப்போது இருப்பது இரண்டாவது பிரதி. முதலாவது நெல்லியடியில் ஒரு வீட்டு அலுமாரியில் பதினொரு வருசமாக இருக்கிறது. மேலே கேள்வி கேட்டவருக்கு எந்த வீடென்று தெரியும்.