காம்பு ஆடினால் தண்ணீரில் போடாதீர்கள்

காட்டிலும் தோட்டத்திலும் தங்குகிறவர்களின் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஏற்காட்டுக் காபித் தோட்டமொன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

ஐயா, ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்டத்தில் நண்பர்களோடு இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப்போகிறோம். ஆன்லைனில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு கத்தி பார்த்தேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சி வைக்க இடம், தலையில் திசைகாட்டி எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா?
*கல்லூரி மாணவர், ஆத்தூர்*

வேண்டாம் தம்பி. பிடிக்குள் தீக்குச்சி வைக்க இடம் இருக்கிறது என்றால் அங்கே இரும்பு இல்லை என்று அர்த்தம். கத்தி முறிவது பெரும்பாலும் அலகும் பிடியும் சேருகிற இடத்தில்தான். முதுகில் இருக்கிற பல்லும் வீண். விறகை ஒழுங்காக அறுக்காது, கட்டையால் முதுகில் தட்டிப் பிளக்கவும் விடாது.

உங்களுக்கு வேண்டியது இரண்டு. குச்சி சீவ, கயிறு அறுக்க, காய் நறுக்க நாலு அங்குல அலகு உள்ள சின்னக் கத்தி ஒன்று. கிளை கழிக்க ஒரு கொடுவாள். சின்னக் கத்திக்கு ஸ்வீடனிலிருந்து வரும் மோரா போதும். அதில் கம்பேனியன் என்ற ரகத்தின் அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம், பிடி பிளாஸ்டிக். பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், வேலையில் குறை வைக்காது. நீங்கள் சொன்ன விலையில் கால்வாசிகூட ஆகாத கத்திகளே இந்த வேலைக்குத் தாராளம். மலைப் பனியில் கத்தியைத் துடைத்துத் துடைத்து வைக்கிற பொறுமை இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். பொறுமை உண்டென்றால் கார்பன் இரும்பு. சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும்.

கொடுவாளை நம்மூர்ப் பட்டறையிலேயே வாங்குங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்ததா என்று கேளுங்கள். சங்ககிரிப் பக்கம் லாரிக்கும் பஞ்சமில்லை, கழித்துப்போட்ட பட்டைக்கும் பஞ்சமில்லை. அந்த இரும்பில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் இருக்கும். காய்ச்சித் தோய்த்து ஏற்றுகிற கடினத்தைத்தான் பதம் என்கிறோம். அது சரியாக இருந்தால் வளைந்து நிமிரும், எளிதில் உடையாது.

பதத்தைச் சோதிக்கக் கையோடு ஒரு புது அரம் கொண்டுபோங்கள். கூர் விளிம்பில் அரத்தை அழுத்தாமல் ஒரு இழுப்பு இழுங்கள். கண்ணாடியில் வழுக்குவதுபோல் சறுக்கினால் பதம் அதிகம், கல்லில் பட்டால் சில்லு பெயரும். வெண்ணெய் மாதிரி இறங்கினால் பதமே இல்லை, ஒரு காய்ந்த கணுவில் விளிம்பு மடங்கிவிடும். லேசாகக் கடித்து, ஆனால் எதிர்ப்புக் காட்டி இழுபட்டால் அதை எடுங்கள். அப்புறம் கொடுவாளைப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சநேரம் நில்லுங்கள். மணிக்கட்டு இழுத்தால் ஒரு அளவு சின்னதாகக் கேளுங்கள். கவாத்துக்கு, அதாவது செடியின் கிளை கழிக்க, வருகிற பெண்கள் எடுப்பது எடை குறைந்த கத்தி. நாள் முழுக்க வெட்டுகிறவர்களுக்குத் தெரியாததா?

ஒரு எச்சரிக்கை. காபித் தோட்டத்தில் தரை முழுக்கச் சில்வர் ஓக் சருகு. மாசி, பங்குனியில் அது எரியக் காத்திருக்கிறது. தீ மூட்டுகிற இடத்தில் மண் தெரியுமளவுக்குக் கூட்டிவிட்டு, மாமாவிடம் கேட்டுவிட்டு மூட்டுங்கள்.

சேலத்திலேயே உருக்காலை இருக்கும்போது சேலம் ஸ்டெயின்லெஸ்ஸில் ஏன் நல்ல காட்டுக்கத்தி செய்வதில்லை?
*வாசகர், அஸ்தம்பட்டி*

நல்ல பாத்திரத்துக்குப் போகிற தகடு 304 என்கிற வகை. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவுக்கு அசையாது. ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்தால் கடினமாகாது, அதனால் கூர் நிற்காது. கத்திக்கு வேறு ரகம் வேண்டும். டபராவுக்கு 304-ஐ மிஞ்ச ஆளில்லை.

அப்பாவின் தோட்டத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சேலத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த கோடாலியின் தலை ஆடுகிறது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
*வாசகி, ஏற்காடு*

இறுகும் அம்மா, காலையில் இறுகியே இருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீர் குடித்த மரம் வீங்கும், ஆனால் வீங்க இடமில்லாமல் சுற்றிலும் இரும்பு. உள்ளே நார் நசுங்கிப்போகும். காய்ந்ததும் மரம் முன்பைவிடச் சின்னதாகச் சுருங்கும், தலை முன்பைவிட அதிகமாக ஆடும். மறுபடி ஊறப்போடுவீர்கள். இப்படியே நாலைந்து தடவை போனால், ஒருநாள் ஓங்கும்போது தலை தனியாகப் பறக்கும். எதிரே யார் நிற்கிறார்களோ!

இது நம்மூருக்கே உரிய தொல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். ஆடி, ஆவணியில் இங்கே துணியே காயாது. அப்போது மாட்டிய காம்பு ஈரத்தோடு இருக்கும். அதே கோடாலியைச் சித்திரையில் சேலத்துக்கு இறக்கினால் மரம் சுருங்கித் தலை ஆடும். அதனால் காம்பு மாற்றுவதைக் கோடையில், முடிந்தால் கீழே வைத்தே செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த மரமாக மாட்டினால் மலையில் ஏறும்போது கொஞ்சம் வீங்கும், அந்த வீக்கம் நமக்கு நல்லது.

மரம் கருவேலம் கிடைத்தால் முதல் தரம். கொய்யாவும் நன்றாக இருக்கும். தேக்கு விலை அதிகம் என்பதால் காம்புக்கும் உசத்தி என்று நினைக்கிறார்கள். அடி வாங்குகிற காம்புக்கு நான் தேக்கு வைக்கமாட்டேன். தோட்டத்தில் கும்மலாகக் கிடக்கிறதே என்று சில்வர் ஓக்கையும் எடுக்காதீர்கள். காம்பை வாங்கும்போது பக்கவாட்டில் திருப்பி மரத்தின் ரேகையைப் பாருங்கள். ரேகை மேலிருந்து கீழ்வரை ஓட வேண்டும். நடுவில் வெளியே ஓடிப்போனால் அந்த இடத்தில்தான் முறியும்.

மாட்டும்போது காம்பின் தலைப்பக்கத்தில், துளைக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போகிற மாதிரி ரம்பத்தால் ஒரு வாய் அறுத்துக்கொள்ளுங்கள். கோடாலித் தலையைக் கீழே தொங்கவிட்டு, காம்பின் அடிப்பக்கத்தில் கட்டையால் தட்டுங்கள். தலை தானே ஏறி வரும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். இனி ஏறாது என்றானதும் காய்ந்த மர ஆப்பை அந்த வாயில் அடித்து இறக்குங்கள். மேலே நீட்டுகிற காம்பை இரண்டு விரற்கடை மிச்சம் விட்டு அறுக்காதீர்கள், தலைக்கு மேல் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அப்புறம் காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள்.

கொடுவாளைச் சாணை பிடிக்கிற மெஷினில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, ஒரே வாரத்தில் மழுங்கிவிட்டது. ஏன்?
*வாசகர், ஓமலூர்*

விளிம்பில் ஊதா நிறம் ஓடியிருக்கிறதா பாருங்கள். ஓடியிருந்தால் அந்த இடம் 300 டிகிரி வரை சூடாகியிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது. அந்த ஊதாப் பகுதி தேயும்வரை கல்லில் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. இனி மெஷின் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கக் காரபொரண்டம் கல் கிடைக்கும், சொரசொரப்பு ஒருபக்கம், நயம் ஒருபக்கம்.

கோணம் பிடிபடவில்லை என்றால் மார்க்கர் பேனாவால் கூர்ச் சரிவு முழுக்கக் கறுப்பு அடியுங்கள். நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். விளிம்பில் மட்டும் கறுப்பு போயிருந்தால் முதுகைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். மேலே மட்டும் போயிருந்தால் படுக்கப் பிடிக்கிறீர்கள். முழுக்கப் போனால் அதுதான் கோணம். ஒருபக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிர் தட்டும். தட்டிய பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும்.

கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, தோல் உறையில் போட்டு வைக்கிறேன். இருந்தும் துருப் பிடிக்கிறது.
*வாசகர், வாழப்பாடி*

உறைதான் காரணம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோலைப் பதப்படுத்திய உப்பும் அதில் இருக்கும். உறை நடக்கும்போது இடுப்புக்கு. வீட்டில் கத்தி வெளியே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் மலைக் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும், நாளானால் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். காய் நறுக்குகிற கத்தியென்றால் நறுக்கும் முன் கழுவிவிடுங்கள். பிடித்த துருவுக்குப் புளிக்கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் வைத்துத் தேய்த்து, கழுவி, அடுப்புப் பக்கத்தில் காயவைத்து எண்ணெய் போடுங்கள்.

கொடுவாளோடு சேர்வராயன் மலைக் காட்டுக்குள் போகலாமா? போலீஸ் பிடிக்குமா?
*வாசகர், சேலம்*

தோட்டம் வேறு, காப்புக்காடு வேறு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், கையில் கொடுவாள் இருந்தால் மரம் வெட்ட வந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய விபத்து நடந்தது, அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்றே அரசு விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதித்த பாதையில், அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அங்கே கொடுவாளுக்கு வேலையும் இல்லை, தீ மூட்டவும் கூடாது. சொந்தக்காரர் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், ஆயுத விதிகளில் வீட்டு, விவசாய வேலைக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதற்காக பஸ்ஸில் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறாதீர்கள். சாக்கில் சுற்றி, சணல் கயிறு கட்டி, பைக்குள் அடியில் வையுங்கள்.