பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டு எண்ணக் கற்பது: கேள்வி பதில்

கே: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்? கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் 1962-ல் எழுதிய ‘பீட் த டீலர்’ போதுமா?

ஏன் எண்ண முடிகிறது என்பது அதில் புரிந்துவிடும். மேசைக்கு ஹை-லோ முறையைப் படியுங்கள். அதற்கும் முன்னால், எந்தக் கைக்கு எப்படி ஆடுவது என்று சொல்லும் பேசிக் ஸ்ட்ராட்டஜி அட்டவணை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் வந்தால், 100 டாலருக்கு 120 மட்டும் தரும் 6:5 மேசையில் மட்டும் உட்காராதீர்கள்.

கே: ஹை-லோ என்றால்?

2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டுங்கள். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்றால் ஒன்று கழியுங்கள். 7, 8, 9-க்குக் கணக்கில்லை. 5, ராஜா, 3, 9, 2 வந்தால் மனசுக்குள் ஓடுவது: 1, 0, 1, 1, 2. முழுக் கட்டையும் தள்ளி முடிக்கும்போது பூஜ்யம் வர வேண்டும், அதுவும் 30 விநாடிக்குள். எண்ணிக்கையைப் பாக்கியுள்ள கட்டுகளால் வகுத்தால் ட்ரூ கவுண்ட்: எண்ணிக்கை 6, பாக்கி மூன்று கட்டு என்றால் 2. பந்தயத்தை ஏற்றுவதும் இறக்குவதும் இதை வைத்துத்தான்.

கே: போலீஸ் பிடிக்குமா?

மூளையால் எண்ணுவது குற்றமில்லை. நெவாடாவில் கேசினோ உங்களை எழுப்பி அனுப்பலாம். அட்லாண்டிக் சிட்டியில் முடியாது. சீட்டு எண்ணும் ஆட்டக்காரர் கென் யூஸ்டன் வழக்கில் 1982-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

கே: போன் ஆப் வைத்து எண்ணலாமா?

கூடாது. நெவாடாவில் கருவி வைத்து எண்ணுவது குற்றம்.

கே: என்னிடம் பிளாக்ஜாக், டீலரிடம் ஏஸ். டீலரின் மறைந்த சீட்டைப் பார்க்கும் முன்பே பந்தய அளவு லாபத்தை வாங்கிக்கொள்ளும் ஈவன் மணியை எடுத்தால் லாபம் உறுதிதானே?

உறுதிதான், குறைவும்தான். ஆறு கட்டு ஆட்டத்தில் முதல் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படாத சீட்டு 309, அதில் பத்து மதிப்புள்ளவை 95. 100 டாலர் பந்தயத்தில் இதே நிலை 309 முறை வந்தால் ஈவன் மணி தருவது 30,900. வேண்டாம் என்றால் 95 முறை டீலருக்கும் பிளாக்ஜாக் விழுந்து சமன், 214 முறை 150 டாலர்: மொத்தம் 32,100.

கே: பத்து வருஷமாக ஆடுகிறேன். டீலருக்குப் பிளாக்ஜாக் விழுந்து கை வெறுமையாகும்போது தெரியும் வலி!

வலி எனக்கும் தெரியும். ஆனால் வெறுமையாவது மூன்றில் ஒரு தடவைகூட இல்லை. மனசில் தங்குவது அதுதான். ட்ரூ கவுண்ட் 3-ஐத் தொட்டால் நானே எடுப்பேன், அப்போது பத்துகள் அடர்ந்திருக்கும். எண்ணாதவர் ஈவன் மணியைத் தொடவே கூடாது.

கே: எந்தப் புத்தகம் வாங்கலாம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

கே: எங்கள் ஊரில் 6:5 மேசைதான். எண்ணினால் ஈடுகட்டலாமா?

100 டாலருக்கு 150 வர வேண்டிய பிளாக்ஜாக்குக்கு 120 தருகிறார்கள். கேசினோவின் சாதகம் ஏறத்தாழ 1.4 சதவீதம் கூடுகிறது. எண்ணிச் சேர்ப்பதே ஒரு சதவீதம்தான். உட்காராதீர்கள்.