அரசுத் திட்டங்களில் நடக்கும் மோசடியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"ரெய்டு வந்து பிடிப்பார்களா, யாராவது போட்டுக்கொடுத்தால்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரெய்டெல்லாம் கடைசியில். இரண்டு இடத்தில் எழுதிய கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்தது நூறு நாள் வேலை. அதற்கான 2005 சட்டத்தின் 17ஆம் பிரிவு, எழுதிய கணக்கை ஊர் மக்களிடமே கேட்டுச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையை நடத்தச் சொன்னது. 2011 விதிகளின்படி, தணிக்கைக்குப் போகிறவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது என்றிருந்தது. அப்படித்தான் நான்குநேரிப் பக்கத்துக்காரியான நான் அடுத்த ஒன்றியத்து ஊர்களுக்குப் போனேன்.

கையில் வருகைப் பதிவேட்டு நகல் இருக்கும். வீட்டு வாசலில் உட்கார்ந்து, "ஆச்சி, மாசி மாசம் எத்தன நாள் வேலைக்குப் போனீங்க?" என்போம். "நான் எங்கம்மா போனேன்? முட்டுவலியில வீட்டுலல்லா கெடக்கேன்" என்பார். பதிவேட்டில் வாரம் முழுக்க ஆச்சி வேலை பார்த்திருப்பார்! பாஸ்புக்கில் கூலியும் ஏறியிருக்கும். அதை யார் எடுத்தது, யாருக்குப் பங்கு என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்களே.

அடுத்து, டேப்போடு குளத்துக்கு. தூர்வாரிய வரத்துக்காலின் (குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின்) நீளம், அகலம், ஆழம் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், இருக்கும். நீள அகலத்தில் ரொம்பக் கைவைக்க மாட்டார்கள், ஏமாற்று ஆழத்தில்தான். ஐப்பசி மழை பெய்த பிறகு போனால், "மண் வந்து மூடிட்டு மேடம்" என்று முடித்துவிடுவார்கள். மழைக்கு முன்னால் அளந்தால்தான் உண்டு.

வேலைக்கு வந்தவர்களைப் படமெடுத்து வருகை பதியும் செல்போன் செயலி வந்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். நேரில் எடுக்காமல், படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது.

எங்களுக்கு யாரையும் தண்டிக்க அதிகாரமில்லை. கண்டதை எழுதி கிராம சபையில் வாசிப்போம். பணத்தை வசூலிப்பது மேலே இருப்பவர்கள் வேலை. அரசு ஊழியரே கூட்டு என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகும். அங்கும் அலுவல் முடிவுகளைப் பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்கிறது ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 17ஏ பிரிவு. வழக்குகள் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

பெரிய அளவில் நடந்தால் சிபிசிஐடி. 2020இல் விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது. வேளாண் அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கையில் இருந்தது. சில மாவட்டங்களில் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென்று எகிறியதில்தான் சந்தேகம் வந்தது.

நீங்கள் புகார் கொடுப்பதானால் மொட்டைப் பெட்டிசன் வேண்டாம். "ஊழல் நடக்கிறது" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். எந்த வேலை, எந்த வாரம், யார் பெயர் என்று எழுதி, திங்கள்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைப் போட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.