குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட்டைப் பிரதி எடுக்க முடியாது, அளந்தால் அதன் நிலை குலைந்துவிடும். பிறகு பிழையை எப்படித் திருத்துகிறார்கள்?

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஊன்றி யோசிக்கிற பிள்ளைகள் கேட்பது இதைத்தான். பிரதி எடுக்க முடியாது என்று 1982இலேயே நிறுவிவிட்டார்கள். அதையும் மீறி ஒரு வழி இருக்கிறது என்று 1995இல் காட்டியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர்.

கியூபிட்டின் தகவல், 0உம் 1உம் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று சொல்லும் அ, ஆ என்ற இரண்டு எண்களில் இருக்கிறது என்று வைப்போம். மூன்று கியூபிட்டுகளைப் பின்னி, அ×000 + ஆ×111 (மூன்றும் 0, மூன்றும் 1 என்பவற்றின் கலப்பு) என்ற நிலைக்குக் கொண்டுவருகிறோம். இவை மூன்று பிரதிகள் அல்ல. ஒன்றைத் தனியே பிடித்தால் தகவல் முழுதாகக் கிடைக்காது. சரி, இப்போது துணைக் கியூபிட்டுகளை வைத்து இரண்டே கேள்விகள்: முதலாவதும் இரண்டாவதும் ஒன்றா? இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றா? "வேறு, ஒன்று" என்று வந்தால் முதலாவது புரண்டிருக்கிறது (அதில் 0உம் 1உம் இடம் மாறியிருக்கின்றன), திருப்பிப் புரட்டினால் போதும். அ, ஆ என்னவென்று நாம் கேட்கவே இல்லை, அதனால் அவை குலையவும் இல்லை.

இதைவிட எனக்கு அழகாகப் படுவது இன்னொன்று. கியூபிட் முழுதாகப் புரளாமல் ஒரு பாகை மட்டும் திரும்பியிருக்கலாம். அந்தக் கேள்விகளைக் கேட்டதுமே அந்தச் சிறு திருப்பம் ஒன்றில் அடியோடு மறைந்துவிடும், அல்லது முழுப் புரளலாகிவிடும். அளவீடு குலைக்கும் என்று பயந்தோமே, அந்தக் குலைவுதான் இங்கே கைகொடுக்கிறது!

அ, ஆ இடையே கூட்டல் கழித்தல் குறி மாறுகிற அவத்தைப் பிழையையும் சேர்த்துப் பிடிக்க ஷோருக்கு ஒன்பது கியூபிட்டுகள் தேவைப்பட்டன. இன்று அதிகம் பயன்படுவது தகவலைச் சதுர வலையாக அமைந்த கியூபிட்டுகளில் பரப்பி வைக்கும் மேற்பரப்புக் குறிமுறை. ஒவ்வொரு செயலின் பிழையும் ஏறத்தாழ 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அதில் கியூபிட்டைக் கூட்டுவதால் பலன் உண்டு. மேலே போனால் கூட்டக் கூட்டக் கெடும். கூகுளின் வில்லோ என்ற குவாண்டம் சில்லில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். குறிமுறையின் தூரத்தை, அதாவது வலையின் பக்க அளவை, 3, 5, 7 என்று உயர்த்த, படிக்குப் படி பிழை பாதிக்கும் கீழே போனது. 101 கியூபிட்டுகளாலான ஒரு தருக்கக் கியூபிட், அந்த 101இல் மிகச் சிறந்ததைவிட இரு மடங்குக்கு மேல் நீடித்தது. நடைமுறைக்கு வரும் என்று நான் நம்புவது இதை வைத்துத்தான். செலவு பெரிதுதான்: இணையத்தில் தகவலைக் காக்கும் 2048 பிட் ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை உடைக்க 2019இல் 2 கோடி கியூபிட் என்று மதிப்பிட்டார்கள், 2025இல் அது 10 லட்சத்துக்குள் வந்துவிட்டது.

பைத்தன் தெரிந்தால் இந்தக் குறிமுறைகளைப் பாவனை செய்து பார்க்க உதவும் ஸ்டிம் என்ற இலவச மென்பொருளைச் சாதாரண மடிக்கணினியிலேயே ஓட்டலாம். நிலாவெளியில் இருக்கிற ஒரு பிள்ளைக்கும் இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பிழைவீதத்தை 0.1 சதவீதத்திலிருந்து 2 வரை மாற்றி, தூரம் 3க்கும் 5க்கும் வரும் தருக்கக் கியூபிட்டின் பிழைக் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். ஏறத்தாழ அந்த இடம்தான் மேலே சொன்ன எல்லை.