பார்த்ததும் சிரிக்கிற கேமரிடம் வித்தியாசமான கன்ட்ரோலரை எப்படி விற்பது?

கேள்வி: வழமையான கேம்பேட் மாதிரி இல்லாத ஒரு கன்ட்ரோலரை நண்பர்களோடு சேர்ந்து செய்திருக்கிறோம். கேமர்கள் கையில் எடுக்காமலே நக்கலடிக்கிறார்கள். இதை எப்படிச் சந்தைப்படுத்துவது?

எங்களையும் நக்கலடித்தார்கள். அதுவும் பட்டப்பெயர் வைத்து.

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன கேம் கடை இருக்கிறது. ஆறு கொம்பியூட்டர், மணித்தியாலக் கணக்கில் காசு. மச்சான் மோட்டர் வைண்டிங் செய்கிறவன், கை சும்மா இராது. ஒருநாள் காலால் இடம் வலமாகச் சரிக்கிற ஒரு பலகையைக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தான். உள்ளே ரெண்டு மைக்ரோ சுவிட்ச், ஆர்டுயினோ லியோனார்டோ என்ற ஒரு சின்ன சர்க்யூட் போர்ட். அந்த போர்டை யுஎஸ்பியில் குத்தினால் கொம்பியூட்டர் அதை ஒரு கீபோர்ட் என்றே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. பப்ஜியில் சுவரோரம் நின்று எட்டிப்பார்க்க க்யூ, ஈ விசைகளை அழுத்துவோமே, அந்த வேலையைக் கால் செய்யும். நடக்கிற விசைகளில் இருக்கும் விரல் இடம் மாறத் தேவையில்லை.

நல்ல யோசனைதானே? ஃபேஸ்புக்கில் "உங்கள் விளையாட்டு அடுத்த கட்டத்துக்கு" என்று போட்டோம். முதல் கொமென்ட்: "அண்ணே, ரவிக்கை தைக்க எவ்வளவு?" அன்றிலிருந்து அதற்குப் பெயர் தையல் மெஷின்.

மச்சானுக்குக் கோபம். எனக்கும்தான். ஆனால் கடையில் இருந்து பெடியங்களைப் பார்த்துப் பார்த்து ஒன்று விளங்கியது. புதுச் சாமான் என்பதற்காக அவர்கள் சிரிக்கவில்லை. வாரம் வாரம் புது மவுஸ் கேட்கிறவர்களும் அவர்கள்தான். ரெண்டு மூன்று வருசமாகப் பழக்கிய கை அவர்களுடையது. அந்தக் கைதான் கடைக்குள் அவர்களின் மரியாதை. நாம் போய், அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பப் படி என்கிறோம். நானென்றாலும் சிரித்திருப்பேன்.

ஜப்பானின் கேம் கம்பனி நின்டெண்டோ இதைச் சரியாகப் பிடித்தது. 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அதன் அப்போதைய தலைவர் சத்தோரு இவாட்டா டிவி ரிமோட் மாதிரி ஒரு கன்ட்ரோலரைக் காட்டினார். அன்று ஓடிய வீடியோவில் விளையாட்டின் திரையே இல்லை. ஆட்கள் அதை வீசுவதும் ஆட்டுவதும்தான் தெரிந்தது. அடுத்த வருசம் அந்தக் கன்ட்ரோலரோடு வீ என்ற கேம் மெஷின் வந்தபோது, அமெரிக்காவில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. டென்னிஸ் அடி என்றால் பேரனும் கையை வீசுவான், பாட்டியும் வீசுவார். அதில் யாருக்கும் பழைய கெட்டித்தனம் இல்லை, ஆகவே இழக்கவும் ஒன்றுமில்லை. வீ மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது.

2015இல், ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் கொண்டுவந்த ஸ்டீம் கன்ட்ரோலர் போனது எதிர்த்திசையில். வலது ஸ்டிக் இருக்க வேண்டிய இடத்தில், விரலால் தடவுகிற ட்ராக்பேட். என் கணிப்பில் அது கெட்டிக்காரச் சாமான். ஆனால் ஏற்கெனவே நன்றாக ஆடும் கேம்களை அதில் ஆடச் சொன்னார்கள். அதற்கும் ஒவ்வொரு கேமுக்கும் உட்கார்ந்து செட்டிங் பார்க்க வேண்டும். 2019இல் மிச்சத்தை ஐந்து டொலருக்குத் தள்ளிவிட்டுத் தயாரிப்பையே நிறுத்தினார்கள். கட்டாயப்படுத்துவதும் சரிவராது. மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் ஒன் 2013இல், உடல் அசைவைப் பிடிக்கிற கினெக்ட் கமராவோடு சேர்த்தே 499 டொலருக்கு வந்தது, போட்டியான பிளேஸ்டேஷன் 4இன் விலை 399 டொலர். அடுத்த ஜூனிலேயே கினெக்ட் இல்லாத பெட்டியை 399க்குக் கொடுக்க வேண்டி வந்தது.

ஆகவே நாங்கள் பப்ஜியைக் கைவிட்டோம். தெரிந்த தம்பி ஒருவனிடம் சொல்லி ஒரு சின்ன கேம் எழுதுவித்தோம். கடலில் ஒரு வள்ளம், அலை வரும், காலால் பலகையைச் சரித்துக் கவிழாமல் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். சாதாரண கீபோர்டில் ஆட வழி வைக்கவில்லை. நாலாம் நம்பர் கொம்பியூட்டரில் போட்டு, "ஓசி" என்று எழுதி ஒட்டிவிட்டு யாரையும் கூப்பிடாமல் இருந்தோம்.

ரெண்டு நாள் ஒருவரும் தொடவில்லை. மூன்றாம் நாள் திருக்கடலூரிலிருந்து அண்ணனோடு வந்த ஒரு சின்னப் பெடியன் ஏறி உட்கார்ந்தான். கேம் விளையாடிப் பழக்கமில்லாதவன், ஆனால் வள்ளத்தில் நின்று பழகியவன். எங்கள் கடைச் சம்பியன் எட்டிப் பார்த்து, "தள்ளு, நான் காட்டுறன்" என்று இருந்து பத்துச் செக்கனில் கவிழ்ந்தான். திரும்பவும் கவிழ்ந்தான். அந்தச் சின்னவன் சிரிக்கவில்லை, பாவம், "அண்ணா, குதிக்கால அமத்தாதீங்க, பாதத்தாலதான்" என்று சொல்லிக்கொடுத்தான். முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு சம்பியன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, இத பப்ஜில எட்டிப் பாக்கப் போடலாமா?"

நாங்கள் மூன்று மாதமாகத் தொண்டை வரளச் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு விளம்பரத்தையும் மாற்றினோம். "முதல் ரெண்டு மூன்று நாள் வழமையை விட மோசமாகத்தான் ஆடுவீர்கள்" என்று முதல் வரியிலேயே போட்டோம். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்காது. ஆனால் குறையை நாமே சொன்ன பிறகு கொமென்டில் வேலை குறைந்துவிட்டது. பட்டப்பெயரையும் விட்டுவைக்கவில்லை, பலகையில் "தையல் மெஷின்" என்றே ஸ்டிக்கர் அடித்தோம்.

இன்னொன்று, விற்க முதல் ஒரு கிழமைக்கு இரவல் கொடுங்கள். வாங்கினவர்கள் "நல்லா இருக்கு" என்பதோடு சரி. திருப்பித் தந்தவர்களிடம்தான் விசயம் இருந்தது. டைல்ஸ் தரையில் வழுக்குது என்றான் ஒருவன், அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினோம். காலைச் சும்மா வைத்தாலே சரியுது என்றான் இன்னொருவன், நடுவில் கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங் போட்டோம். அவர்களில் ரெண்டு பேர் பிறகு வந்து காசு கொடுத்தே வாங்கினார்கள்.

உங்கள் கன்ட்ரோலர் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் ஆடவே முடியாத ஒரு விளையாட்டு, அஞ்சு நிமிசத்துக்குக் காணுமென்றாலும், உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் போஸ்டர் அடிக்கிற காசில் அதைச் செய்வியுங்கள்.

எங்களுக்கு இதுவரை 23 பலகை போயிருக்கிறது. பெரிய கணக்கில்லை. இங்கே அநேகமான பெடியங்கள் விளையாடுவது ஃபோனில். நிலாவெளிப் பக்கமிருந்து வருகிற ஒருவன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத பஸ்ஸில வச்சு விளையாடலாமா?" என்று கேட்டான். மச்சான் அதற்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.