கம்பி கட்டும் தந்தைக்கு: மகளின் எம்.டெக். ஆய்வுத் தலைப்பு குறித்து

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சிவில் முடித்த மகள் கிடைத்த சைட் வேலையை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் எஃகுக் கட்டமைப்புகளின் சிக்கன வடிவமைப்பை எம்.டெக். ஆய்வுக்கு எடுத்திருக்கிறார், இதற்குப் பிழைப்பு உண்டா என்பது தங்கள் கேள்வி.

இந்தப் பாடத்தில் பாதி தங்கள் கைக்குத் தெரிந்ததுதான். கம்பியை லேசாக அழுத்தி விட்டால் நிமிர்ந்துகொள்ளும்; சாவி போட்டு வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். கம்பியில் 500 என்று பொறித்திருப்பது, இவ்விரண்டுக்கும் இடையே சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசை என்ற எல்லையைத்தான். கட்டர் கையில் இல்லாதபோது கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பீர்களே, ஒரு மடக்குக்கு ஒடியாத கம்பி பத்தாவது மடக்கில் ஒடிகிறது. கிரேன் ஓடும் உத்தரத்துக்கும், சூடேறி ஆறும் குழாய்க்கும் அதே ஆபத்து உண்டு. ஒவ்வொரு சுமைக்கும் இம்மியளவு ஒரே பக்கமாக நெளிந்துகொண்டே போவது இன்னொரு ஆபத்து. ஆனால் முதல் சில சுமைகளில் சற்று நெளிந்து, சுமை நீங்கிய பின்னும் உள்ளே தங்கும் இறுக்கமான எச்சத் தகைவைத் தேக்கிக்கொண்டு, அதன்பின் அதே அளவுச் சுமை எத்தனை முறை வந்தாலும் மேற்கொண்டு நெளியாத நிலையும் இருக்கிறது. ஷேக்டவுன் எனப்படும் இந்நிலைக்கு 1930-களில் எர்ன்ஸ்ட் மேலன், 1956-இல் கொய்ட்டர் என்ற ஆய்வாளர்கள் தேற்றங்கள் தந்தார்கள். அந்நிலை கெடாமல் எவ்வளவு குறைந்த எஃகில் கட்டலாம் என்று கணக்கிடுவதே மகளின் வேலை.

வீடும் அடுக்ககமும் வடிவமைக்கும் அலுவலகங்களில் இந்தத் தலைப்பைக் கேட்பாரில்லை. எஃகுக்கான ஐ.எஸ். 800 விதிநூல் தெரியுமா, ஸ்டாட், ஈடேப்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள்களை ஓட்டுவாரா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்; ஆகவே அவற்றையும் அவர் கற்றுக்கொள்ளட்டும். ஆய்வுக்கு மதிப்புள்ள இடங்கள் வேறு. கல்பாக்கத்தின் வேக ஈனுலை என்ற அணு உலையின் வடிவமைப்புப்படி, வெப்பத்தைக் கடத்தும் திரவச் சோடியம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். உலையை நிறுத்தினால் ஆறும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கும், சென்னைத் தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்துக்கும், திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கும் இத்தகைய கணக்குகள் தேவை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதை மறைப்பது தங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. வாகனப் பாகங்களும் டர்பைன்களும் வடிவமைக்கும் தனியார் நிறுவனங்கள் தலைப்பைப் பார்ப்பதில்லை. பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் கணக்கை அடியிலிருந்து புரிந்தவரா என்றே பார்க்கும்.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்ந்திருந்தால் உதவித்தொகையாக மாதம் 12,400 ரூபாய் வரும் என்பதால், படிப்புச் செலவுக்காக நிலத்தை அடமானம் வைக்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். ஆய்வுக் கணக்குக்கான கணினி நிரலை மகளே எழுதப்போகிறாரா, ஆயத்த மென்பொருளில் எண்களைக் கொடுத்து விடையை மட்டும் எடுக்கப்போகிறாரா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் என்றால், சிறியதொரு சட்டகத்துக்காவது சொந்த நிரல் எழுத அனுமதி வாங்கிய பிறகே தலைப்பை உறுதிசெய்யட்டும்.